நுரையீரல் மாற்றுக்குக் காத்திருப்பவருக்கு எக்மோ: எப்போது போடுவது, போட்ட பிறகு எங்கே சிக்கும்?

திண்டுக்கல்_நெஞ்சகம்

நுரையீரல் தழும்பாகிப் போன ஐ.எல்.டி. நோயாளிகள், மேலூர்ப் பக்கம் கல்குவாரியில் வேலை பார்த்து சிலிக்கோசிஸ் வந்தவர்கள், பழைய டி.பி.யில் நுரையீரல் சிதைந்தவர்கள். இவர்களில் சிலர் மாற்று அறுவைக்குத் தகுதியானவர்கள். வீட்டில் 3, 4 லிட்டர் ஆக்சிஜனில் சமாளித்துக்கொண்டிருப்பார்கள். ஒரு காய்ச்சல் வந்தால் போதும், இரண்டு மூன்று நாளில் ஹை ஃப்ளோ (மூக்கு வழி வேகமாகத் தரும் ஆக்சிஜன்) நிமிடத்துக்கு 60 லிட்டரில் நிற்பார்கள். அந்த நேரத்தில் வென்டிலேட்டரா, எக்மோவா (ரத்தத்தை வெளியே எடுத்து, ஆக்சிஜன் ஏற்றி, கார்பன் டை ஆக்சைடு கழித்துத் திருப்பி விடும் மெஷின்), நேரே சென்னைக்கு ஆம்புலன்ஸா? எக்மோ போடும் கைகள் மதுரையில் உண்டு, மாற்று அறுவை அனுபவம் பெரும்பாலும் சென்னையில். இந்த இடைவெளியை எப்படிக் கடப்பது என்று அனுபவசாலிகள் எழுதினால் நல்லது. கதை வேண்டாம், எண்களோடு வேண்டும்.

திருநகர்_ஐசியூ

முதல் கேள்வி சாச்சுரேஷன் எவ்வளவு என்பதல்ல சார். மாற்றுப் பட்டியலில் பெயர் இருக்கிறதா? இல்லாவிட்டால் ஏற வாய்ப்பாவது இருக்கிறதா? அதுதான் முதல் கேள்வி.

நம் ஊரில் 'எக்மோ' என்ற சொல் வீட்டுக்கு வீடு தெரிந்தது இரண்டு தடவை. 2016 டிசம்பரில் ஜெயலலிதாவுக்குப் போட்டபோது, பிறகு 2020 ஆகஸ்டில் எஸ்.பி.பி.க்குப் போட்டபோது. முன்னது நின்றுபோன இதயத்துக்காக, பின்னது கோவிட் தாக்கிய நுரையீரலுக்காக. வைரஸ் நிமோனியாவில் போடும்போது நுரையீரல் தானாக ஆறும் என்ற நம்பிக்கை உண்டு. தழும்பான நுரையீரல் ஆறாது. புது நுரையீரல் வரும் வழி இல்லாமல் அங்கே எக்மோ போட்டால் கழற்றவே முடியாது, இரண்டு மூன்று வாரம் கழித்து ரத்தக்கசிவிலோ தொற்றிலோ முடியும். குடும்பம் கடனாளி ஆனதுதான் மிச்சம்.

போடலாம் என்று நான் சொல்லும் ஆள்: மாற்றுக்கான மதிப்பீடு முடிந்தவர் அல்லது ஓரிரு நாளில் முடிக்கக்கூடியவர். சிறுநீரகம், கல்லீரல், மூளை நன்றாக இருக்க வேண்டும். இந்தக் காய்ச்சலுக்கு முந்தின வாரம் வரை சொந்தக் காலில் நடந்தவராக இருக்க வேண்டும். ஹை ஃப்ளோ 60 லிட்டர், 80 சதவீத ஆக்சிஜனுக்கு மேல் கொடுத்தும் சாச்சுரேஷன் 88ஐத் தாண்டவில்லை, அல்லது கார்பன் டை ஆக்சைடு ஏறி பி.எச். 7.25க்குக் கீழே வருகிறது, மூச்சு நிமிடத்துக்கு 35ஐத் தாண்டுகிறது என்றால் வென்டிலேட்டர் குழாய் போடுவதற்கு முன்பே எக்மோவைப் பேசுங்கள்.

யோசிக்க வேண்டிய ஆள்: 65ஐத் தாண்டியவர், கட்டுப்படாத செப்சிஸ் (உடல் முழுவதையும் பாதிக்கும் தொற்று), ஏற்கெனவே டயாலிசிஸ், வென்டிலேட்டரில் ஒரு வாரத்துக்கு மேல் மயக்க மருந்தில் கிடந்தவர், உடல் எடை மிக அதிகமாகவோ மிகக் குறைவாகவோ உள்ளவர்.

உசிலை_டாக்டர்

வென்டிலேட்டரில் வைத்துக்கொண்டு காத்திருந்தால் என்ன சார்? எக்மோவை விட அது கைப்பழக்கமான விஷயம்தானே.

திருநகர்_ஐசியூ

தழும்பான நுரையீரல் விறைப்பாக இருக்கும். 6 மில்லி/கிலோ காற்றுக்கே பிளாட்டோ அழுத்தம் (மூச்சை உள்ளே நிறுத்தும்போது நுரையீரலில் உள்ள அழுத்தம்) 35, 40 காட்டும். பீப்பை (மூச்சு விட்ட பிறகும் உள்ளே நிறுத்தி வைக்கும் அழுத்தம்) ஏற்றினால் திறக்க அங்கே மூடிய காற்றறை இல்லை, இருக்கிற கொஞ்சமும் பெருத்து நியூமோதொராக்ஸ் (நுரையீரல் ஓட்டையாகி மார்புக்குள் காற்று சேர்வது) ஆகும். ஒத்துப்போக வைக்க மயக்க மருந்து, தசைத்தளர்ச்சி மருந்து. அதில் தொடைத் தசை கரையும், நிமோனியா சேரும். இரண்டு வாரத்தில் மாற்று மையம் 'நோயாளி மிகவும் பலவீனம்' என்று பட்டியலிலிருந்து எடுத்துவிடும். விழித்தபடி, சாப்பிட்டபடி, பேசியபடி எக்மோவில் இருப்பவருக்கு அந்த இழப்பு குறைவு. இங்கே எக்மோ காப்பாற்றுவது நுரையீரலை இல்லை, மற்ற எல்லாவற்றையும்.

வைகை_பெர்ஃப்யூஷன்

சரி, சர்க்யூட் (பம்ப், ஆக்சிஜன் ஏத்துற ஆக்சிஜனேட்டர், குழாய்கள்) பக்கம் நான் எழுதுறேன்.

60 கிலோ ஆள் என்று வைங்க. கிலோவுக்கு நிமிடத்துக்கு 60 மில்லி கணக்கில் 3.6 லிட்டர் ஃப்ளோ வேணும், காய்ச்சல் இருந்தா 4.5 வரை போகும். இதயம் மட்டும் நல்லா இருந்தா வி.வி. (சிரையில் எடுத்துச் சிரையிலேயே திருப்பி விடுறது) போதும். தொடைச் சிரையில் 23 அல்லது 25 ஃபிரெஞ்ச் (குழாய்த் தடிமன் அளவு) கேனுலா, அதாவது தடிச்ச குழாய், மெஷினுக்குள்ளே எடுக்க, வலது கழுத்துச் சிரையில் 17 அல்லது 19 ஃபிரெஞ்ச் திருப்பி விட. ரெண்டு முனைக்கும் நடுவில் 10 செ.மீ.க்குக் குறையாம இடைவெளி வேணும். கிட்டத்தில் இருந்தா, ஆக்சிஜன் ஏறின ரத்தத்தையே மெஷின் திரும்ப உறிஞ்சும். கண்டுபிடிக்கிறது லேசு: ஃப்ளோவை ஏத்த ஏத்த நோயாளியின் சாச்சுரேஷன் இறங்கும், ஆக்சிஜனேட்டருக்கு முன்னாடி வர்ற ரத்தத்தின் சாச்சுரேஷன் 75, 80ன்னு ஏறும். அதுக்கு மருந்து ஆர்.பி.எம். (பம்ப் சுத்துற வேகம்) ஏத்துறதில்லை. எக்கோ (இதய ஸ்கேன்) வைச்சு கேனுலாவை இழுத்துச் சரிபண்ணணும்.

கேனுலா போடும்போது, ரத்தம் உறையாம இருக்க, ஹெப்பரின் கிலோவுக்கு 50 முதல் 100 யூனிட். பிறகு ஆன்டி டென் ஏ (ஹெப்பரின் எவ்வளவு வேலை செய்யுதுன்னு காட்டும் சோதனை) 0.3 முதல் 0.7, அந்தப் பரிசோதனை இல்லாத இடத்தில் ஏ.பி.டி.டி. (ரத்தம் உறையும் நேரம்) இயல்பை விட 1.5 முதல் 2 மடங்கு. ஒரே ஒரு அளவை நம்பாதீங்க, பிளேட்லெட், ஃபைப்ரினோஜனும் (உறைய வைக்கிற புரதம்) தினம் பாருங்க. நாலஞ்சு நாள் கழிச்சுப் பிளேட்லெட் பாதியாச்சுன்னா ஹெப்பரினால் வந்ததான்னு சோதிச்சு, ஆமான்னா வேற உறைதடுப்பு மருந்தான பிவாலிருடினுக்கு மாறணும்.

ரெண்டு கைப்பிடி தனித்தனி வேலை பார்க்கும்: ஆக்சிஜன் வேணும்னா ஃப்ளோ, கார்பன் டை ஆக்சைடு கழியணும்னா ஸ்வீப் வாயு (ஆக்சிஜனேட்டருக்குள்ள ஓடுற வாயு). புதுசா வர்றவங்க இதைத்தான் குழப்பிக்கிறாங்க. பல மாசமா கார்பன் டை ஆக்சைடு 90ல் வாழ்ந்த ஆளுக்கு ஸ்வீப்பை எடுத்ததும் 5 லிட்டர்னு திறந்துடாதீங்க. 1 லிட்டரில் ஆரம்பிச்சு ரத்த வாயு பார்த்துப் பார்த்து ஏத்துங்க. முதல் 24 மணி நேரத்தில் பாதிக்கு மேல இறங்கினா மூளை ரத்தக்கசிவு ஆபத்து கூடும்.

திண்டுக்கல்_நெஞ்சகம்

அருமை. இரவு 2 மணிக்கு அலாரம் அடித்தால் நர்ஸ் முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்று எழுதுங்கள். அந்த நேரம் நீங்கள் பக்கத்தில் இருக்க மாட்டீர்கள்.

வைகை_பெர்ஃப்யூஷன்

அலாரத்தைப் பார்க்கிறதுக்கு முன்னாடி ரெண்டு குழாயின் நிறத்தைப் பாருங்க. உள்ளே போறது கருஞ்சிவப்பு, வெளியே வர்றது பளிச் சிவப்பு. ரெண்டும் ஒரே கருப்பா இருந்தா ஸ்வீப் குழாய் கழண்டிருக்கு, இல்ல சிலிண்டர் காலி. நோயாளியைத் தொடுறதுக்கு முன்னாடி அதைச் சரிபண்ணுங்க. கட்டிலை நகர்த்தின பிறகு, எக்ஸ்ரே எடுத்த பிறகு இது அடிக்கடி நடக்கும்.

குழாய் துடிக்குது, ஃப்ளோ ஏறி இறங்குதுன்னா சிரைச் சுவர் கேனுலாவை அடைக்குது. ஆர்.பி.எம். ஏத்தினா இன்னும் மோசமாகும், 200, 300 குறைங்க. பிறகு காரணம் தேடுங்க: திரவம் குறைச்சலா, இருமலா, கால் மடங்கிக் குழாய் நெளிஞ்சிருக்கா, வயிறு உப்பிச் சிரையை நசுக்குதா, நியூமோதொராக்ஸா, எங்கேயாவது ரத்தம் போகுதா. எடுக்கிற பக்க அழுத்தம் மைனஸ் 100க்குக் கீழே போகாம பாத்துக்கிடுங்க. ரொம்ப உறிஞ்சினா சிவப்பணு உடையும், சிறுநீர் கோலா நிறத்தில் வரும், பிளாஸ்மாவில் தனி ஹீமோகுளோபின் 50 மி.கி.யைத் தாண்டும்.

எடுக்கிற பக்கம் எப்பவும் உறிஞ்சுற பக்கம். அங்கே த்ரீ வே (மூணு வழித் திருகு) திறந்தா ரத்தம் வெளியே வராது, காத்து உள்ளே போகும். அதனால் அந்தக் குழாயில் சாம்பிள் எடுக்கிறது, மருந்து ஏத்துறது எதுவும் கூடாது. காத்து போயிருச்சுன்னா நோயாளிக்குத் திரும்புற குழாயை உடம்புக்குப் பக்கத்திலேயே கிளாம்ப் பண்ணு, பம்பை நிறுத்து, தலையைத் தாழ்த்து, ஆக்சிஜனை 100 ஆக்கு, பிறகு போன் பண்ணு. கிளாம்ப் 4 மெஷின்லயே தொங்கணும், அலமாரிப் பூட்டுக்குள்ள இருந்தா இல்லாத மாதிரிதான். பம்ப் மோட்டார் நின்னா கையால் சுத்துற கிராங்க் இருக்கு. ஷிஃப்டுக்கு ஒரு தடவை யாராவது ஒருத்தர் அதைத் தொட்டுப் பார்த்து வைக்கணும்.

திருநகர்_ஐசியூ

நல்லா எழுதியிருக்கீங்க. ஒன்று சேர்க்கிறேன்: ஆக்சிஜனேட்டரின் வாயுப் பக்கத்தில் ஈரம் சேர்ந்து, கார்பன் டை ஆக்சைடு கழிவது குறையும். நோயாளிக்கு ஏதோ ஆகிவிட்டதென்று பதறுவார்கள். சில விநாடிகள் ஸ்வீப்பை 10 லிட்டருக்குத் திறந்து, ஈரத்தை ஊதி வெளியேற்றி, பழைய அளவுக்குக் கொண்டுவந்தால் சரியாகும். திரும்பக் குறைக்க மறந்தால் அது தனிக் கோளாறு.

பிசியோ_ஒத்தக்கடை

எல்லாரும் மெஷினையே பேசுறீங்க. தொடையில் கேனுலா போட்டதும் நோயாளியை மல்லாக்கப் போட்டு 'அசையாதீங்க' என்று சொல்கிற வார்டுகளைப் பற்றியும் யாராவது எழுதணும்.

கழுத்தில் ஒற்றை இரட்டைவழிக் கேனுலா (எடுப்பதும் விடுவதும் ஒரே குழாயில், 27 அல்லது 31 ஃபிரெஞ்ச்) போட்டால் காலிரண்டும் சும்மா இருக்கும், நடத்துவது எளிது. ஆனால் அதைச் சரியாக உட்கார வைக்க எக்கோவோ ஃப்ளூரோஸ்கோப்பியோ (ஓடும் எக்ஸ்ரே) வேண்டும். ரத்தம் திரும்பி வரும் துளை டிரைகஸ்பிட் வால்வை (வலது இதயத்தின் இரண்டு அறைக்கும் நடுவிலுள்ளது) பார்க்கவில்லை என்றால் பயனில்லை, விலையும் அதிகம். தொடையில் போட்டவரையும் நடத்தலாம், கேனுலாவை இரண்டு இடத்தில் தைத்து, தொடையிலும் முழங்காலுக்கு மேலும் பட்டை கட்டிய பிறகு.

முறை இது. மயக்க மருந்து இறங்கிய முதல் நாளே படுக்கையில் கால் மடக்கி நீட்டல், கைக்கு அரை கிலோ எடை. அடுத்து படுக்கை ஓரத்தில் 10 நிமிடம் உட்கார்தல். அடுத்து நிற்றல், நின்ற இடத்தில் கால் தூக்கி வைத்தல். பிறகு நாற்காலி. பிறகு நடை. நடக்கும்போது ஐந்து பேர்: சர்க்யூட்டுக்கு பெர்ஃப்யூஷனிஸ்ட், கழுத்துக் குழாய்க்கு ஒரு கை, நோயாளியைப் பிடிக்க நான், பின்னால் சக்கர நாற்காலியோடு ஒருவர், மானிட்டரில் கண் வைக்க நர்ஸ். நடக்க ஆரம்பித்ததும் சாச்சுரேஷன் விழும். அதற்கு முன்பே ஸ்வீப்பையும் ஃப்ளோவையும் கொஞ்சம் ஏற்றித் தரச் சொல்லுங்கள். 85க்குக் கீழே போனாலோ, குழாய் துடித்தாலோ, தலைசுற்றல் என்றாலோ உட்கார வைத்துவிடுங்கள்.

சாப்பாடு: புரதம் கிலோவுக்கு 1.5 கிராம், 60 கிலோ ஆளுக்கு 90 கிராம். இட்லி சாம்பாரில் அது வராது. முட்டை, மீன், தயிர், பருப்பு, புரதப் பொடி எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். வீட்டிலிருந்து வரும் கஞ்சி மனதுக்கு, தசைக்கு அல்ல.

வைகை_பெர்ஃப்யூஷன்

அக்கா சொல்றது சரி, ஆனா எனக்கு ஒரு சண்டை இருக்கு. நள்ளிரவு அவசரத்தில் இரட்டைவழிக் கேனுலாவைப் போட்டுப் பழகாதீங்க. வலது இதயச் சுவரில் துளை விழுந்த நிகழ்வுகள் உலகமெங்கும் பதிவாகியிருக்கு. ராத்திரி தொடை, கழுத்து. ஆள் நிலையாகி, காத்திருப்பு நீளும்னு தெரிஞ்சா பகலில் மாத்திக்கலாம்.

பிசியோ_ஒத்தக்கடை

அதில் எனக்கும் சண்டை இல்லை தம்பி. 'பகலில் மாத்திக்கலாம்' என்ற பகல் வராமலே போவதுதான் என் சண்டை.

தெப்பக்குளம்_எக்கோ

வி.வி. போதும் என்பது இதயம் நன்றாக இருந்தால் என்று மேலே சொன்னதை அழுத்திச் சொல்கிறேன். ஐ.எல்.டி. முற்றியவர்களில் நிறைய பேருக்கு நுரையீரல் தமனி அழுத்தம் ஏறியிருக்கும். வலது வென்ட்ரிக்கிள் (இதயத்தின் வலது கீழறை) பெருத்து, இடையிலுள்ள சுவரை இடப்பக்கம் தள்ளிக்கொண்டு நிற்கும். வி.வி. அந்த வலது பக்கத்துக்கு நேரடியாகத் தோள் கொடுக்காது. ஆக்சிஜன் ஏறி அமிலம் குறைந்தால் அழுத்தம் ஓரளவு இறங்கும், சிலருக்கு அதுவே போதும். போதாதவர்களுக்கு வி.ஏ. (சிரையில் எடுத்துத் தமனியில் விடுவது).

தொடை வழி வி.ஏ. போட்டால் புதுச் சிக்கல். மெஷினின் ரத்தம் கீழிருந்து மேலே வரும், நோயாளியின் இதயம் தள்ளும் ஆக்சிஜன் குறைந்த ரத்தம் மேலிருந்து கீழே வரும். மூளைக்கும் இதயத்துக்கும் போவது கெட்ட ரத்தமாக இருக்கும்போதே கால்விரலில் மாட்டிய சாச்சுரேஷன் புரோப் 99 காட்டும். புரோப் வலது கையில், தமனி லைனும் வலது மணிக்கட்டில். அங்கே சாச்சுரேஷன் விழுந்தால் கழுத்துச் சிரைக்கு இன்னொரு திரும்பும் குழாய் சேர்த்து வி.ஏ.வி. ஆக்க வேண்டியிருக்கும். கேனுலா போட்ட காலுக்கு முழங்காலுக்குக் கீழே ரத்தம் போக 6 முதல் 8 ஃபிரெஞ்சில் தனிக் குழாய் வேண்டும், இல்லாவிட்டால் நுரையீரல் கிடைத்தாலும் கால் போய்விடும்.

ஒருங்கிணைப்பு_தெற்கு

பட்டியல் விஷயம். தமிழ்நாட்டில் இறந்தவர் உறுப்புகளைப் பகிர்வது டிரான்ஸ்டான், அதாவது தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையம் வழியாக. நோயாளி நேரே பதிய முடியாது, உரிமம் பெற்ற மாற்று மையம்தான் பதியும். அமெரிக்காவில் 2005இலிருந்து மதிப்பெண் முறை இருக்கிறது, எக்மோவில் இருப்பவர் அங்கே மேலே ஏறுவார். அதைப் படித்துவிட்டு இங்கேயும் அப்படித்தான் என்று குடும்பத்துக்குச் சொல்லாதீர்கள். என்ன முன்னுரிமை கிடைக்கும் என்று மையத்திடமே எழுத்தில் கேளுங்கள்.

முன்னுரிமை இருந்தாலும் ரத்த வகை பொருந்த வேண்டும், அளவும் பொருந்த வேண்டும். தழும்பு நோயில் மார்புக்கூடு சுருங்கியிருக்கும், பெரிய ஆளின் நுரையீரல் உள்ளே அடங்காது. உயரம் குறைந்த பெண்கள் அதிகம் காத்திருப்பது இதனால்தான். குளிர்பெட்டியில் வைத்தால் 6 முதல் 8 மணி நேரத்துக்குள் இணைத்தாக வேண்டும். மதுரையில் கொடையாளர் கிடைத்தால் நுரையீரல் சென்னைக்கு விமானத்தில்தான் போகும், 460 கி.மீ. சாலையை நம்ப முடியாது.

எக்மோக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள்: ரத்தம் ஏற்றுவதில் கஞ்சத்தனம் காட்டுங்கள். ஒவ்வொரு பையும் எச்.எல்.ஏ. எதிரணுக்களை (பிறர் உறுப்பைத் தாக்குபவை) வளர்க்கும், பொருந்தும் கொடையாளர்கள் குறைவார்கள். ஹீமோகுளோபின் 7, 8 இருந்து ஆள் நிலையாக இருந்தால் விடுங்கள். ஏற்றியே ஆக வேண்டுமென்றால் வெள்ளணு நீக்கிய ரத்தம். பரிசோதனைக்குக் குழந்தைகள் டியூபில் எடுங்கள். தினம் 40, 50 மில்லி சோதனைக்கே போய்விடுகிறது.

திண்டுக்கல் சாருக்கு: உங்கள் கிளினிக்கில் வீட்டு ஆக்சிஜன் எழுதிக் கொடுக்கும் அன்றே சென்னைக்குக் கடிதமும் எழுதுங்கள். ஆறு நிமிட நடை, எக்கோ, வலது இதய வடிகுழாய்ச் சோதனை, கரோனரி ஆஞ்சியோ, சளியில் டி.பி., எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி, எச்.எல்.ஏ. எல்லாம் நடக்கும் காலத்தில் முடிய வேண்டியவை. எக்மோ போட்டபின் ஆறு நிமிட நடை எங்கே நடத்துவது? பணமும் அன்றே பேசுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையின் வழக்கமான வரம்பு குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம், எக்மோ நாள்கள் அதை வேகமாகத் தின்னும்.

திண்டுக்கல்_நெஞ்சகம்

கடிதம் பற்றிச் சொன்னது ஏற்றுக்கொள்ள வேண்டியது. அப்படியானால் கடைசிக் கட்டக் கேள்வி: மதுரையில் எக்மோ போட்டு அனுப்புவதா, போடாமல் அனுப்புவதா?

வைகை_பெர்ஃப்யூஷன்

கணக்குப் போட்டுப் பாருங்க. ஹை ஃப்ளோ 60 லிட்டர், 100 சதவீதம்னா மணிக்கு 3600 லிட்டர். டி டைப் பெரிய சிலிண்டரில் 7000 லிட்டர்தான், ரெண்டு மணி நேரம் வராது. மேலூர், துவரங்குறிச்சி தாண்டி திருச்சியில் சமயபுரம் டோல் போறதுக்குள்ள சிலிண்டர் மாத்திக்கிட்டிருப்பீங்க. சென்னை 8 மணி நேரம். நடு ரோட்டில் குழாய் போட வேண்டி வந்தா அதுதான் ஆக மோசமான இடம்.

எக்மோவில் போனா ஸ்வீப் 5, முகமூடி 6, மொத்தம் 11 லிட்டர். மணிக்கு 660. தாமதம் சேர்த்து 9 மணி நேரத்துக்கு 5940, ஒண்ணரை மடங்கு கையிருப்புன்னா ஏறக்குறைய 9000. டி டைப் ரெண்டு, தூக்கி ஓட பி டைப் (1500 லிட்டர்) ஒண்ணு. பம்ப் பேட்டரியை வழியில் நம்பாதீங்க, வண்டி இன்வெர்ட்டரில் ஓட்டி முன்கூட்டியே ஒரு மணி நேரம் சோதிங்க. ஹீட்டர் மின்சாரத்தை இழுக்கும், போர்வை சுத்துனா போதும். கிளாம்ப் 4, கிராங்க், ரத்தம் 2 பை, சலைன், ஹெப்பரின் சிரிஞ்ச் பம்ப். வேகத்தடையில் குழாய் எடை கேனுலாவை இழுக்கும், சர்க்யூட்டை நோயாளியின் கட்டிலோடே கட்டணும், வண்டித் தரையோடு இல்லை.

திருநகர்_ஐசியூ

நான் சேர்ப்பது: ஹை ஃப்ளோ 40 லிட்டர், 50 சதவீதத்துக்குள் இருக்கும்போதே எக்மோ இல்லாமல் அனுப்பிவிடுங்கள். அந்த அளவைத் தாண்டிவிட்டால் சென்னைக் குழுவுடன் வீடியோவில் பேசி, அவர்கள் ஏற்ற பிறகு இங்கே போட்டு அனுப்புங்கள். 'போட்டுவிட்டோம், இனி எடுத்துக்கொள்ளுங்கள்' என்று பேசினால் யாரும் எடுக்க மாட்டார்கள்.

உசிலை_டாக்டர்

எங்கள் பக்கம் களைக்கொல்லி பாராகுவாட் குடித்து வருபவர்கள் உண்டு. இளவயது, நுரையீரல் மட்டும் தழும்பாகிறது. இவர்களுக்கு?

திருநகர்_ஐசியூ

பாராகுவாட்டில் ஆக்சிஜனே நுரையீரல் சேதத்தைக் கூட்டும். தேவைக்கு மேல் கொடுக்கக் கூடாது, எக்மோ இருந்தால் மூச்சு வழி ஆக்சிஜனைக் குறைத்து வைக்கலாம். ஆனால் அவசரப்பட்டு மாற்றினால் தசையில் தேங்கிய நஞ்சு ரத்தத்துக்குத் திரும்பி வந்து புது நுரையீரலையும் அழிக்கும். ரத்தத்திலும் சிறுநீரிலும் நஞ்சு இல்லை என்று திரும்பத் திரும்ப உறுதியாகி, சிறுநீரகம் தேறி, பல வாரம் கழிந்த பிறகே மாற்று பற்றிப் பேச முடியும். அவ்வளவு நாள் எக்மோ தாங்கும் ஆள் குறைவு. மனநல மருத்துவர் முதல் வாரத்திலிருந்தே உடன் இருக்க வேண்டும், கடைசியில் கையெழுத்துக்கு மட்டும் கூப்பிடுவது வேண்டாம்.

ஒருங்கிணைப்பு_தெற்கு

யாரும் எழுதாத ஒன்று, எப்போது நிறுத்துவது. மூளையில் பெரிய ரத்தக்கசிவு, கட்டுப்படாத பூஞ்சைத் தொற்று, பல உறுப்புச் செயலிழப்பு. இவை வந்தால் மையம் பெயரை எடுத்துவிடும். கேனுலா போடுவதற்கு முந்தைய பேச்சிலேயே குடும்பத்தோடு இதைச் சொல்லிப் பதிவு செய்யுங்கள், நோயாளி விழித்திருந்தால் அவரிடமே. உச்ச நீதிமன்றம் 2018இல் அனுமதித்து 2023 ஜனவரியில் எளிமைப்படுத்திய நடைமுறையின்படி, உயிர்காப்பை விலக்க முதல் மருத்துவக் குழுவும் இரண்டாம் குழுவும் ஒப்ப வேண்டும், இரண்டாவதில் மாவட்ட தலைமை மருத்துவ அலுவலர் நியமிக்கும் ஒருவர் இருப்பார். அந்த ஆளை நெருக்கடி நாளில் தேடினால் கிடைக்க மாட்டார்.

திண்டுக்கல்_நெஞ்சகம்

நன்றி. ஒரே ஒரு பாக்கி: காத்திருப்பு மூன்றாம் வாரத்துக்குப் போனால் ஆக்சிஜனேட்டரை நாள் கணக்கில் மாற்றுவதா?

வைகை_பெர்ஃப்யூஷன்

நாளை எண்ணி மாத்தாதீங்க சார், போக்கைப் பாருங்க. ஆக்சிஜனேட்டருக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசம் அதே ஃப்ளோவில் நாளுக்கு நாள் ஏறுதா, 100 சதவீத ஸ்வீப் ஆக்சிஜனில் வெளியே வர்ற ரத்தத்தின் ஆக்சிஜன் அழுத்தம் 200க்குக் கீழே வந்திருச்சா, டி டைமர் (ரத்தக்கட்டி உருவாகிக் கரையுறதைக் காட்டும் சோதனை) ஏறி ஃபைப்ரினோஜன் இறங்குதா. டார்ச் அடிச்சுப் பார்த்தா வெளியேறும் பக்க மூலையில் கருப்பும் வெள்ளையுமா கட்டி தெரியும். ரெண்டு அறிகுறி சேர்ந்தா பகல் ஷிஃப்டில், எல்லாரும் இருக்கும்போது மாத்துங்க. புது சர்க்யூட்டை நிரப்பித் தயாரா வைச்சு, ரெண்டு பக்கமும் ரெட்டைக் கிளாம்ப் போட்டு, வெட்டி, சலைன் ஊத்தி ஊத்தி காத்தில்லாம இணைக்கணும். கை பழகினவங்களுக்கு ஒரு நிமிஷ வேலை. அந்த ஒரு நிமிஷம் நோயாளிக்கு மெஷின் இல்லை, அதனால் மாத்துறதுக்கு முன்னாடியே மூச்சு வழி ஆக்சிஜனை 100 ஆக்கி, குழாய் போடுற தட்டைத் தலைமாட்டில் திறந்து வைங்க.